வாட்ஸ்அப்பை அழித்துவிட்டு மறுபடி போடலாமா?

கேள்வி: கரூரில் மேசைவிரிப்பு, திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் சிறிய யூனிட் நடத்துகிறேன். ஆர்டர், அளவு, சாம்பிள் போட்டோ, பணம் போட்ட ஸ்கிரீன்ஷாட் எல்லாமே வாட்ஸ்அப்பில்தான். ரெட்மி போன், 64 ஜி.பி. இரண்டு மாதமாகத் தொல்லை. வாட்ஸ்அப்பைத் தொட்டுத் திறந்தால்தான் செய்திகள் வருகின்றன. காலையில் அனுப்பியதெல்லாம் மதியம் மொத்தமாகக் கொட்டுகிறது. வாடிக்கையாளர் அனுப்பும் போட்டோவைத் தொட்டால் இடம் இல்லை என்கிறது. புது டிசைன்களை எல்லாருக்கும் சேர்த்து அனுப்பினால் பாதிப் பேருக்குப் போவதில்லை. ஒரு வாடிக்கையாளருக்கு எதை அனுப்பினாலும் ஒரு டிக்கோடு நிற்கிறது. போன் கடைத் தம்பி, "அழிச்சிட்டு மறுபடி போட்டுக்குங்கக்கா, எல்லாம் சரியாயிரும்" என்கிறார். செய்யலாமா? இல்லை, புது போனே வாங்கிவிடலாமா? ஐந்து வருஷக் கணக்கு அதற்குள் இருக்கிறது.
— வாசகி, கரூர்

பதில்: இப்போதைக்கு அழிக்காதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் நான்கு தொல்லைகளில் ஒன்றுகூட வாட்ஸ்அப்பை அழித்துப் போடுவதால் தீராது. ஆனால் உங்கள் நிலைமையில் அதைச் செய்தால் ஐந்து வருஷக் கணக்கு போய்விடும் வாய்ப்பு நிறையவே இருக்கிறது. போனில் இடம் இல்லை என்றால் பேக்கப்பும், அதாவது உரையாடல்களுக்கு எடுத்துவைக்கும் காப்புப் பிரதியும், நின்றுபோயிருக்கும் என்பதுதான் காரணம்.

முதலில் அதைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வலது மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளி, செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப். கடைசியாக எந்தத் தேதியில் பேக்கப் ஆனது, எந்த கூகுள் கணக்கில் ஆனது என்று அங்கே இருக்கும். நேற்றைய தேதி இருந்தால் நல்லது. இரண்டு மாதத்துக்கு முந்தைய தேதியோ, தேதியே இல்லாமலோ இருந்தால் அழிப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பேக்கப் இரண்டு படியாக நடக்கிறது. தினமும் விடிகாலை 2 மணிக்கு வாட்ஸ்அப் உங்கள் உரையாடல்களை ஒரு ஃபைலாகச் சுருட்டி போனுக்குள்ளேயே வைக்கும்; அப்படி ஏழு நாள் வரைக்குமான ஃபைல்கள் இருக்கும். நீங்கள் அனுமதித்திருந்தால் கூகுள் கணக்கிலும் ஏற்றும். முதல் படிக்கே போனில் காலி இடம் வேண்டும். இடம் இல்லையென்றால் ஃபைல் உருவாகாது, ஏற்றுவதற்கும் ஒன்றும் இருக்காது. இரண்டாவது படியில் இன்னொரு சிக்கல். 2018 கடைசியிலிருந்து வாட்ஸ்அப் பேக்கப் கூகுளின் இலவச இடக் கணக்கில் சேராமல் இருந்தது. 2024இல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். இப்போது ஜிமெயில், கூகுள் போட்டோஸ், டிரைவ், வாட்ஸ்அப் எல்லாவற்றுக்கும் சேர்த்தே 15 ஜி.பி.தான். பல பேருடைய பேக்கப் இதனால்தான் சத்தமில்லாமல் நின்றிருக்கிறது.

ஆகவே வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்: நகல், இடம், பேக்கப், அதன்பின் செட்டிங்ஸ். முன்பின் மாற்ற வேண்டாம்.

நகல் எடுக்க ஒரு கணினியும் யு.எஸ்.பி. கேபிளும் போதும். கேபிளைச் செருகியதும் போனில் மேலிருந்து இழுத்தால் வரும் அறிவிப்பில் "ஃபைல் டிரான்ஸ்ஃபர்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்த அறிவிப்பே வரவில்லை, சார்ஜ் மட்டும் ஏறுகிறது என்றால் கேபிளை மாற்றுங்கள். மலிவான பல கேபிள்களில் டேட்டா போகும் கம்பியே இருப்பதில்லை. கணினியில் போனின் உள் சேமிப்பகத்தைத் திறந்து ஆண்ட்ராய்டு, அதற்குள் மீடியா, அதற்குள் "காம் டாட் வாட்ஸ்அப்" என்று போய்க்கொண்டே இருந்தால் வாட்ஸ்அப் என்ற ஃபோல்டர் இருக்கும். அதை அப்படியே கணினிக்கு எடுத்துவிடுங்கள். உள்ளே "மீடியா" என்பதில் போட்டோ, வீடியோ, குரல் பதிவுகள். "டேட்டாபேசஸ்" என்பதில்தான் மேலே சொன்ன பேக்கப் ஃபைல்கள்; அவை பூட்டிய ஃபைல்கள், கணினியில் திறந்து படிக்க முடியாது, அதே போன் நம்பரில் வாட்ஸ்அப் போடும்போது மட்டும் உதவும். ஐந்து வருஷப் படங்கள் என்றால் ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன ஃபைல்கள். மொத்தமாக இழுத்தால் பாதியில் நின்றுவிடும். ஃபோல்டர் ஃபோல்டராக எடுங்கள்.

நீங்கள் பிசினஸ் வாட்ஸ்அப் வைத்திருந்தால் ஃபோல்டரின் பெயர் சற்று மாறும். "மீடியா"வுக்குள்ளேயே பக்கத்தில் இருக்கும்.

இன்னொன்று. பணம் பாக்கியுள்ள வாடிக்கையாளர்கள் பத்துப் பதினைந்து பேராவது இருப்பார்கள். அவர்களுடைய உரையாடலைத் தனித்தனியாகத் திறந்து மூன்று புள்ளி, மோர், எக்ஸ்போர்ட் சாட் என்று போய் உங்கள் மெயிலுக்கே அனுப்பிவையுங்கள். படிக்கக்கூடிய வெறும் எழுத்து ஃபைலாக வரும். இதை மறுபடி வாட்ஸ்அப்புக்குள் ஏற்ற முடியாது. மிக நீண்ட உரையாடல் என்றால் பழையவை விடுபட்டும் போகலாம். ஆனாலும் யாருக்கு எத்தனை உருப்படி, என்ன விலை பேசியது என்பதற்குக் கையில் சாட்சியாக இருக்கும்.

இனி இடம். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் "ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா", அதில் "மேனேஜ் ஸ்டோரேஜ்". மேலே இரண்டு தொகுப்பு தெரியும்: 5 எம்.பி.க்கு மேற்பட்டவை, பலமுறை ஃபார்வர்டு ஆனவை. இரண்டாவது தொகுப்பைத் திறந்தால் காலை வணக்கப் பூக்களும் மூலிகை வைத்திய வீடியோக்களும் வரிசையாக நிற்கும். யோசிக்காமல் எல்லாவற்றையும் தேர்வு செய்து அழிக்கலாம். முதல் தொகுப்பை மட்டும் கண்ணால் பார்த்து அழியுங்கள், சாம்பிள் வீடியோ ஏதாவது கலந்திருக்கும். அதற்குக் கீழே எந்த உரையாடல், எந்தக் குழு எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பெரியதிலிருந்து சிறியதாக வரும். பொதுவாக முதலிடத்தில் சொந்தக்காரர்கள் குழுதான் இருக்கும்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. நீங்கள் கேலரியிலிருந்து ஒரு போட்டோவை அனுப்பும்போது வாட்ஸ்அப் அதைச் சுருக்கி இன்னொரு பிரதி எடுத்து "சென்ட்" என்ற ஃபோல்டரில் வைத்துக்கொள்ளும். ஒரு டிசைனை முப்பது பேருக்கு வேறு வேறு நாளில் அனுப்பியிருந்தால் அதன் பிரதிகளும் அங்கே குவிந்திருக்கலாம். கேலரியில் இவை கண்ணில் படாது. மேலே சொன்ன "மீடியா" ஃபோல்டருக்குள் "வாட்ஸ்அப் இமேஜஸ்" என்பதற்குள்ளும், "வாட்ஸ்அப் வீடியோ" என்பதற்குள்ளும் "சென்ட்" இருக்கும். போனின் ஃபைல் மேனேஜரிலேயே போய்ப் பார்க்கலாம். கணினியில் நகல் ஏறிவிட்டது என்று உறுதி செய்துகொண்டு காலி செய்யுங்கள். அழித்த படம் உரையாடலில் மங்கலாகத்தான் தெரியும், தொட்டால் திறக்காது. நகல் இருப்பதால் கவலை இல்லை.

குறைந்தது 5 ஜி.பி. காலியாகும்வரை இதைச் செய்யுங்கள். 1 ஜி.பி.க்குக் கீழே போனால் டவுன்லோடு தடுமாறத் தொடங்கும். பேக்கப் ஃபைல் உருவாகவும் இடம் வேண்டும் என்பதால் கொஞ்சம் தாராளமாகவே இருக்கட்டும்.

செய்யக் கூடாதது இரண்டு. போனின் செட்டிங்ஸில் ஆப்ஸ், வாட்ஸ்அப், ஸ்டோரேஜ் என்று போனால் "கிளியர் கேஷ்", "கிளியர் டேட்டா" என இரண்டு பொத்தான்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். முதலாவதைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. இரண்டாவதைத் தொட்டால் உரையாடல்கள் மொத்தமும் போய், வாட்ஸ்அப் புதிதாக நம்பர் கேட்டு நிற்கும். அடுத்தது, போனோடு வரும் "கிளீனர்". "வாட்ஸ்அப் குப்பை" என்று அது காட்டுவதில் உங்கள் வாடிக்கையாளர் அனுப்பிய அளவுப் படமும் இருக்கும். அதற்குக் குப்பை எது, சரக்கு எது என்று தெரியாது.

மறுபடி நிரம்பாமல் இருக்க, "ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா"விலேயே "மீடியா ஆட்டோ டவுன்லோடு" இருக்கிறது. மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் மூன்றிலும் வீடியோவின் டிக்கை எடுத்துவிடுங்கள். போட்டோ மட்டும் இருக்கட்டும், உங்கள் தொழிலுக்கு அது வேண்டும். இடம் கிடைத்த பிறகும் சில பழைய போட்டோக்கள் இறங்க மறுத்தால் அது போனின் குற்றமில்லை. படங்கள் வாட்ஸ்அப் சர்வரில், அதாவது அந்த நிறுவனத்தின் கணினிகளில், தற்காலிகமாகத்தான் இருக்கும். நாள் கடந்தால் நீக்கப்படும். அனுப்பியவரிடம் மறுபடி கேட்பது ஒன்றே வழி. நேற்று வந்த படமே இறங்கவில்லை என்றால் போனின் தேதி, நேரம் சரியா என்று பாருங்கள். தேதி தப்பாக இருந்தால் வாட்ஸ்அப் சர்வரோடு பாதுகாப்பான இணைப்பு அமையாது. "தானியங்கி தேதி, நேரம்" என்பதைப் போட்டுவிடுங்கள்.

இப்போது பேக்கப். வைஃபையில் சேர்ந்து, சார்ஜரில் போட்டுவிட்டு, சாட் பேக்கப் பக்கத்தில் கூகுள் கணக்கு எதுவென்று பாருங்கள். போன் வாங்கிய நாளில் கடைக்காரர் தாமாக உருவாக்கிக் கொடுத்த கணக்கு, பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாத கணக்கு என்றால் இன்றைக்கே உங்களுக்குப் பாஸ்வேர்டு தெரிந்த கணக்குக்கு மாற்றுங்கள். திரும்ப எடுக்க அதே நம்பரும் வேண்டும், அதே கூகுள் கணக்கும் வேண்டும். "வீடியோக்களையும் சேர்" என்பது ஆஃப் ஆகவே இருக்கட்டும், 15 ஜி.பி.யை விழுங்குவது அதுதான். கால அளவில் "தினமும்" என்று வைத்து, "பேக் அப்" பொத்தானைத் தொடுங்கள். வைஃபைக்குக் காத்திருக்கிறேன் என்று நின்றால், மொபைல் டேட்டாவில் பேக்கப் என்ற சுவிட்சைத் தற்காலிகமாகப் போடலாம். டேட்டா எவ்வளவு மிச்சம் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே பக்கத்தில் "எண்ட்-டு-எண்ட் என்கிரிப்டட் பேக்கப்" என்று ஒன்று இருக்கும். அது ஆன் ஆகியிருந்தால் அதற்குப் போட்ட பாஸ்வேர்டோ 64 இலக்கச் சாவியோ உங்களிடம் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். அது இல்லையென்றால் பேக்கப்பை யாராலும் திறக்க முடியாது, வாட்ஸ்அப் நிறுவனத்தாலும். மறந்துவிட்டது என்றால் உரையாடல்கள் போனில் இருக்கும் இப்போதே பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.

அடுத்து, திறந்தால்தான் செய்தி வருகிறது என்பது. உங்கள் மாதிரிக் கடிதங்களில் இதுதான் அதிகம், தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். வாட்ஸ்அப் நாள் முழுக்க விழித்துக்கொண்டிருப்பதில்லை. யாராவது செய்தி அனுப்பினால் வாட்ஸ்அப் சர்வர் கூகுளின் புஷ் சேவைக்குச் சொல்லும். அது உங்கள் போனிலுள்ள கூகுள் ப்ளே சர்வீசஸைத் தட்டும். அது வாட்ஸ்அப்பை எழுப்பும். எழுந்த வாட்ஸ்அப் சர்வரோடு இணைந்து செய்தியை வாங்கிக்கொண்டு மணியடிக்கும். இந்தச் சங்கிலியில் எழுப்பும் வேலையைத்தான் பேட்டரி சேமிப்பு தடுக்கிறது. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6இலிருந்தே பேட்டரிக்காக ஆப்களைத் தூங்கவைக்கும் ஏற்பாடு உண்டு. அதன்மேல் ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் பங்குக்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கிறது.

எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு சின்னச் சோதனை. உங்கள் போனைப் பூட்டி, சார்ஜரில் போடாமல், அரை மணி நேரம் தொடாமல் வையுங்கள். பிறகு வீட்டில் வேறொருவர் போனிலிருந்து உங்களுக்கு ஒரு செய்தி அனுப்பச் சொல்லி, அந்தப் போனில் டிக்கைப் பாருங்கள். ஒரு சாம்பல் டிக் என்றால் செய்தி சர்வருக்குப் போயிருக்கிறது, உங்கள் போனுக்கு வரவில்லை. இரண்டு சாம்பல் டிக் என்றால் உங்கள் போனுக்கே வந்துவிட்டது. ஆக, இரண்டு டிக் விழுந்தும் உங்கள் போனில் சத்தம் இல்லையென்றால் கோளாறு அறிவிப்பு செட்டிங்ஸில். ஒரு டிக்கோடு நின்று, நீங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்த நொடியில் இரண்டாவது விழுந்தால் பேட்டரி அல்லது டேட்டாக் கட்டுப்பாட்டில். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது.

ரெட்மியில் மாற்ற வேண்டிய இடங்கள் இவை. போனின் செட்டிங்ஸில் ஆப்ஸ், மேனேஜ் ஆப்ஸ், வாட்ஸ்அப் என்று போங்கள். "ஆட்டோஸ்டார்ட்" சுவிட்சை ஆன் செய்யுங்கள். அதே பக்கத்தில் "பேட்டரி சேவர்" என்பதைத் தொட்டு "நோ ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்" என்று வையுங்கள். பிறகு போனின் பேட்டரி செட்டிங்ஸுக்குள் போனால் "போன் பூட்டியிருக்கும்போது மொபைல் டேட்டாவை நிறுத்து" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அது "நெவர்" என்று இருக்க வேண்டும். இதை யாரோ பேட்டரி நிற்க வேண்டும் என்று பத்து நிமிடம் என வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். வைஃபையில் இருக்கும்போது சரியாக வருகிறது, வெளியே போனால் மட்டும் வரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இந்த ஒரு வரிதான். ரெட்மியைத் தயாரிக்கும் ஷாவ்மி கம்பெனி பதிப்புக்குப் பதிப்பு மெனுவின் பெயரை மாற்றிக்கொண்டே இருக்கும். கிடைக்கவில்லை என்றால் செட்டிங்ஸின் மேலுள்ள தேடல் பெட்டியில் பெயரைத் தட்டிப் பாருங்கள்.

"டேட்டா சேவர்" ஆன் ஆகியிருந்தால் வாட்ஸ்அப்புக்கு மட்டும் தடையற்ற டேட்டா கொடுங்கள். வாட்ஸ்அப்பின் டேட்டாப் பயன்பாட்டுப் பக்கத்தில் "பேக்கிரவுண்ட் டேட்டா" ஆன் ஆகியிருக்கட்டும்.

ஒரு பழக்கத்தையும் விட வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஆப்களை எல்லாம் அடிக்கடி சதுரப் பொத்தானை அமுக்கித் துடைத்துத் தள்ளுவது. போன் வேகமாகும் என்று செய்கிறார்கள். சில கம்பெனிப் போன்களில் அது வெறுமனே மூடுவது அல்ல, "ஃபோர்ஸ் ஸ்டாப்" மாதிரியே முழுதாக நிறுத்துவது. அப்படி நிறுத்தப்பட்ட ஆப்பை நீங்கள் கைப்படத் திறக்கும்வரை ஆண்ட்ராய்டு எழுப்பாது. ரெட்மியில் அந்தப் பட்டியலில் வாட்ஸ்அப் அட்டையை அழுத்திப் பிடித்தால் பூட்டுப் படம் வரும். அதைப் போட்டுவிட்டால் மொத்தமாகத் துடைக்கும்போது அது தப்பிக்கும்.

யூனிட்டில் மற்றவர்கள் வேறு போன் வைத்திருந்தால்: சாம்சங்கில் பேட்டரி செட்டிங்ஸில் "பேக்கிரவுண்ட் யூசேஜ் லிமிட்ஸ்" என்பதற்குள் தூங்கும் ஆப்கள், ஆழ்ந்து தூங்கும் ஆப்கள் என்று பட்டியல் இருக்கும், வாட்ஸ்அப்பை அவற்றிலிருந்து எடுத்து, எப்போதும் தூங்காதவை பட்டியலில் சேர்க்க வேண்டும். ஓப்போ, ரியல்மியில் ஆப்பின் பேட்டரிப் பக்கத்தில் ஆட்டோ லாஞ்ச், பேக்கிரவுண்ட் ஆக்டிவிட்டி இரண்டையும் அனுமதிக்க வேண்டும். விவோவிலும் பேட்டரி செட்டிங்ஸில் பின்னணி மின் நுகர்வு என்று ஒரு பகுதி உண்டு.

சோதனையில் இரண்டு டிக் வந்தும் சத்தம் இல்லை என்று தெரிந்தால், வாட்ஸ்அப்பின் அறிவிப்பு அனுமதி, "டு நாட் டிஸ்டர்ப்", மியூட் ஆகியவற்றைப் பாருங்கள். கூடவே ஆர்க்கைவ், அதாவது உரையாடல்களை ஒதுக்கி வைக்கும் பகுதி. வாடிக்கையாளர் ஒருவரின் உரையாடல் கை தவறி ஆர்க்கைவுக்குப் போயிருந்தால், புதுச் செய்தி வந்தாலும் அது வெளியே வராது, மணியும் அடிக்காது. 2021 முதல் இப்படித்தான். உரையாடல் பட்டியலின் உச்சியில் "ஆர்க்கைவ்டு" என்ற வரியைத் தொட்டால் யார் யார் உள்ளே மாட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

இவ்வளவும் செய்து போனை ஒருமுறை அணைத்துப் போட்டு, அரை மணி நேரச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இரண்டு டிக் உடனே விழுந்தால் தம்பியின் யோசனைக்கு வேலை இல்லை.

புது போன் கட்டாயமில்லை. வாங்குவதானால் 128 ஜி.பி.க்குக் குறையாமல் வாங்குங்கள். பழைய போனை உரையாடல்கள் மாறி முடியும்வரை எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்காதீர்கள். ஆண்ட்ராய்டிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாற கூகுள் கணக்கே தேவையில்லாத வழி 2023 முதல் இருக்கிறது. இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் வைஃபையும் லொக்கேஷனும் ஆன் செய்து, பழைய போனில் வாட்ஸ்அப் செட்டிங்ஸ், சாட்ஸ், "டிரான்ஸ்ஃபர் சாட்ஸ்" என்று தொடங்குங்கள். புது போனில் நம்பரைப் பதிவு செய்ததும் பழைய போனிலிருந்து மாற்றவா என்று கேட்டு ஒரு க்யூ.ஆர். கோடு காட்டும், அதைப் பழைய போனால் ஸ்கேன் செய்ய வேண்டும். படங்களும் சேர்ந்தே போகும்.

கூகுள் பேக்கப்பிலிருந்து எடுப்பதானால், புது போனில் வாட்ஸ்அப்பைத் திறப்பதற்கு முன்பே அதே கூகுள் கணக்கைச் சேர்த்துவிடுங்கள். நம்பரை உறுதிப்படுத்தியதும் "ரீஸ்டோர்" என்று ஒருமுறைதான் கேட்கும். அவசரத்தில் "ஸ்கிப்" அமுக்கிவிட்டால் காலியான வாட்ஸ்அப் திறக்கும். அப்போது பதறி யாருக்கும் செய்தி அனுப்பிக்கொண்டிருக்காதீர்கள். முதல் வேலையாகச் சாட் பேக்கப்பில் தானியங்கி பேக்கப்பை நிறுத்துங்கள். நிறுத்தாமல் தூங்கப் போனால் விடிகாலையில் அந்தக் காலி வாட்ஸ்அப் பேக்கப் ஆகி, கூகுளில் இருக்கும் ஐந்து வருஷத்துப் பேக்கப்பின் இடத்தில் உட்கார்ந்துவிடும், பழையது திரும்பாது. நிறுத்திய பிறகு ஆப்பை நீக்கி மறுபடி போட்டு, இந்தத் தடவை ரீஸ்டோர் கொடுங்கள். தம்பியின் யோசனை சரியாகப் பொருந்தும் ஒரே இடம் இதுதான்.

எப்போது மறுபடி பதிவு செய்தாலும் எஸ்.எம்.எஸ்.ஸில் 6 இலக்க எண் வரும். அதை யாருக்கும் சொல்லக் கூடாது, "தப்பாக உங்கள் நம்பருக்கு வந்துவிட்டது, அனுப்புங்களேன்" என்று தெரிந்தவர் பெயரிலிருந்தே கேட்டாலும். கொடுத்துவிட்டால் உங்கள் கணக்கு அவர்கள் போனில் திறக்கும், அடுத்து உங்கள் வாடிக்கையாளர்களிடம் உங்கள் பெயரில் பணம் கேட்பார்கள். முன்னேற்பாடாகச் செட்டிங்ஸ், அக்கவுண்ட், "டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்" போய் 6 இலக்க பின் (ரகசிய எண்) ஒன்றை வைத்து, மெயில் முகவரியையும் கொடுங்கள். மெயில் கொடுக்காமல் பின்னை மறந்தால் 7 நாள் காத்திருக்க வேண்டிவரும். கணக்கு ஏற்கெனவே பறிபோயிருந்தால் உங்கள் போனில் உடனே மறுபடி பதிவு செய்யுங்கள்; எஸ்.எம்.எஸ். எண்ணைப் போட்ட கணமே அவர்கள் வெளியேற்றப்படுவார்கள், அவர்கள் பின் வைத்திருந்தாலும்கூட. பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குக் கூப்பிட வேண்டும், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம்.

அழித்துப் போட்ட பிறகு சிலருடைய செய்திக்குப் பதிலாக "இந்தச் செய்திக்காகக் காத்திருக்கிறது" என்று வரும். புதிதாகப் போடும்போது உங்கள் போனின் பூட்டுச் சாவி மாறிவிடுகிறது. பழைய சாவிக்குப் பூட்டி அனுப்பிய செய்தி திறக்காது. அனுப்பியவர் தன் வாட்ஸ்அப்பைத் திறந்தால் பெரும்பாலும் தானே வந்துவிடும். ஆர்டர் விஷயம் என்றால் காத்திராமல் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். கூடுதல் வசதி என்று சொல்லி ஜிபி வாட்ஸ்அப் மாதிரி எதையாவது யாராவது போட்டுக் கொடுத்தால் மறுத்துவிடுங்கள். அவை வாட்ஸ்அப் வெளியிட்டவை அல்ல, கணக்கையே முடக்கிவிடுவார்கள்.

கடைசியாக, போய்ச் சேராத டிசைன்கள். நீங்கள் எல்லாருக்கும் சேர்த்து அனுப்புவது "பிராட்காஸ்ட் லிஸ்ட்" வழியாக என்று நினைக்கிறேன். ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போகும். ஸ்பேம் அனுப்புகிறவர்களைத் தடுக்க வைத்த விதி, பாதிக்கப்படுவது சின்ன வியாபாரிகள். அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து "இன்ஃபோ" பார்த்தால் யாருக்குச் சேர்ந்தது என்று பெயர் பெயராக இருக்கும். அந்தப் பட்டியலில் வராதவர்களுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பி, உங்கள் நம்பரைச் சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பில் கொடுக்கும்போதே கேட்டுவிடுவது இன்னும் சுலபம்.

ஒரு டிக்கோடு நிற்கும் அந்த ஒருவர்? அவர் போன் அணைந்திருக்கலாம், டேட்டா தீர்ந்திருக்கலாம், வாட்ஸ்அப்பை நீக்கியிருக்கலாம், நம்பரை மாற்றியிருக்கலாம், உங்களை பிளாக் செய்திருக்கலாம். இதில் எது என்று வாட்ஸ்அப் சொல்லாது, வேண்டுமென்றேதான் சொல்வதில்லை. வாட்ஸ்அப் கால் போட்டுப் பாருங்கள். "ரிங்கிங்" என்று மாறாமல் "காலிங்" என்றே நின்றால் அவர் போனை அது எட்டவில்லை. சேராத செய்தி சர்வரில் 30 நாள்தான் இருக்கும், பிறகு நீக்கப்படும். ஆகவே திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்ப்பதில் பயனில்லை. பணம் பாக்கி வைத்திருப்பவர் என்றால் சாதாரண போன் காலிலேயே கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள்.